சோர்வும் அன்றாடப் பழக்கங்களும்

பிற்பகல் மூன்று மணி அளவில் எந்த அலுவலகத்திற்குள் நுழைந்தாலும் ஒரே காட்சியைக் காணலாம். காலையில் விரைந்து நகர்ந்த கோப்புகள் மேசைகளின்மீது தங்கிவிடுகின்றன. ஒரே பத்தியை இருமுறை படித்தும் பொருள் விளங்காத எழுத்தர் தேநீர்க்கடைப் பையனின் வரவை எதிர்நோக்கியிருக்கிறார். கல்லூரி வகுப்பறையில் அதே நேரத்தில் மாணவரின் கண்கள் தாழ்கின்றன. வயலிலும் தொழிற்கூடத்திலும் கை வேகம் குறைகிறது. இந்தச் சோர்வு நெடுங்காலமாக ஓர் ஒழுக்கக் குறையாகவே கருதப்பட்டு வந்துள்ளது. சோம்பல் என்ற ஒரு சொல்லைக் கூறிவிட்டால் அதற்குமேல் காரணம் தேடவேண்டிய தேவை எவருக்கும் இருப்பதில்லை.

ஆயினும் சோர்வு என்பது ஒரே பொருள் அன்று. உறக்கக் குறைவால் வரும் சோர்வு, குருதியில் இரும்புச்சத்துக் குறைவதால் வரும் சோர்வு, நாள் முழுதும் அசையாது அமர்ந்திருப்பதால் வரும் சோர்வு, கவலையால் வரும் சோர்வு ஆகிய அனைத்தும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஒவ்வொன்றின் காரணமும் வேறு, நீக்கும் வழியும் வேறு. உறக்கமின்றித் தளர்ந்தவர் தேநீர் பருகுவதும், இரும்புச்சத்துக் குறைந்தவர் ஓய்வெடுத்துப் பார்ப்பதும் பயன் தருவதில்லை. சில வேளைகளில் கேட்டையே மிகுவிக்கின்றன. மனித ஆற்றல் வளர்ச்சி பற்றிய விவாதங்களில் கல்வியும் தொழிற்பயிற்சியும் இடம்பெறும் அளவுக்கு, கற்றவரும் பயிற்சி பெற்றவரும் அன்றாடம் எவ்வளவு தெம்போடு பணிக்கு வருகின்றனர் என்ற வினா இடம்பெறுவதில்லை.

சென்னையில் நடந்த ஓர் ஆய்வு

இவ்வினாவிற்கு விடை தேடிய ஆய்வுகளுள் குறிப்பிடத்தக்க ஒன்று சென்னை நகரில் நடந்தது. அதன் முடிவுகள் 2021-ஆம் ஆண்டில் ‘குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்’ என்ற பொருளியல் ஏட்டில் வெளியாயின. குறைந்த வருவாய் உடைய 452 பேர், கணிப்பொறியில் விவரங்களைப் பதிவு செய்யும் பணியில் ஒரு மாத காலம் அமர்த்தப்பட்டனர். கைக்கடிகாரம் போன்ற கருவி ஒன்றின் துணையால் அவர்களுடைய உறக்கம் இரவுதோறும் அளக்கப்பட்டது. அவர்கள் ஏறத்தாழ எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தனர். ஆனால் உண்மையில் உறங்கியதோ ஐந்தரை மணி நேரமே. வெப்பம், கொசு, தெரு விளக்கின் ஒளி, வண்டிகளின் இரைச்சல், நெருக்கடியான குடியிருப்பு ஆகியவற்றிற்கிடையே உறக்கம் திரும்பத் திரும்பக் கலைந்தது. படுக்கைக்குச் சென்ற நேரத்தைக் கொண்டு உறக்கத்தைக் கணக்கிடுவது எவ்வளவு தவறானது என்பதை இந்த ஒரு செய்தியே காட்டும்.

பங்கேற்றவருள் சிலருக்குக் கட்டில், மெத்தை, மின்விசிறி, கண்மூடி, காதடைப்பான் முதலியன அளிக்கப்பட்டன. நல்லுறக்கம் பற்றிய அறிவுரையும் வழங்கப்பட்டது. இவற்றின் பயனாக இரவு உறக்கம் சராசரியாக 27 நிமிடங்கள் கூடியது. இந்த அரைமணிக் கூடுதலால் வேலைத்திறன் உயரும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் வேலைத்திறனிலோ, கவனத்திலோ, மனநிலையிலோ அளந்தறியத்தக்க மாற்றம் எதுவும் ஏற்படவில்லை. இதற்கு மாறாக, பணியிடத்திலேயே அமைதியான ஓர் அறையில் பிற்பகலில் ஏறத்தாழ அரைமணி நேரம் உறங்க வாய்ப்பளிக்கப்பட்டவர்களிடம் தெளிவான முன்னேற்றம் தோன்றியது. அவர்கள் மணிக்கணக்கில் செய்த வேலையின் அளவு உயர்ந்தது, கவனம் கூர்மையடைந்தது, மனநிறைவும் மிகுந்தது.

இரவில் கூடிய 27 நிமிடங்களுக்கு இல்லாத பயன் பகலில் உறங்கிய அரைமணிக்கு ஏன் வந்தது? உறக்கத்தின் அளவைவிடத் தரமே முதன்மையானது என்பது இதற்குக் கூறப்படும் விளக்கங்களுள் ஒன்று. அடிக்கடி கலையும் உறக்கத்தோடு மேலும் சிறிது கலைந்த உறக்கத்தைச் சேர்ப்பதால் பெரும்பயன் விளைவதில்லை. பணியிட அறையில் கிடைத்ததோ, அளவிற் சிறியதாயினும் இடையூறற்ற உறக்கம். இவ்வாய்வு இன்னொன்றையும் மறைக்கவில்லை. உறங்கிய அரைமணியில் வேலை நின்றுவிடுவதால், அந்நேரத்திலும் தொடர்ந்து வேலை செய்தவரைக் காட்டிலும் உறங்கியவரின் மொத்த வருவாய் குறைந்தது. வெறுமனே இடைவேளை எடுத்தவரோடு ஒப்பிட்டபோதுதான் கூடுதலாக இருந்தது. எனவே பிற்பகல் உறக்கத்தை எல்லா அலுவலகங்களிலும் கட்டாயமாக்க வேண்டும் என்று கூற இவ்வாய்வு இடந்தரவில்லை. எப்படியும் தரப்படும் உணவு இடைவேளையை ஊர்வம்பில் கழிப்பதைவிட, இருபது நிமிடம் கண்மூடிக் கழிப்பது மேலானது என்று கூற இடந்தருகிறது.

நண்பகலுக்குப் பின் வரும் தளர்ச்சிக்கு உணவே காரணம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. வயிறு நிறைய உண்பது தளர்ச்சியைக் கூட்டும் என்பது உண்மையே. ஆனால் உண்ணாதிருப்பவருக்கும் அந்நேரத்தில் விழிப்புணர்வு குறைகிறது. உடலின் உட்கடிகாரம் இரவில் ஒருமுறை ஆழமாகவும், பிற்பகலில் ஒருமுறை மேலோட்டமாகவும் உறக்கத்தை அழைக்கிறது. அந்த அழைப்புக்குச் செவிசாய்ப்போர் அரைமணிக்குள் எழுந்துவிடுதல் நலம். அதற்கு மேற்பட்டால் ஆழ்ந்த உறக்கத்தின் நடுவே எழ நேரிட்டு, தலை கனத்து, முன்னிலும் மந்தமாகவே மேசைக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

ஒரே கடிகாரம், வேறுவேறு விடியல்

உட்கடிகாரம் என்பது வெறும் உவமை அன்று. உயிரணுக்களுக்குள் ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியை இயக்கும் மரபணுக்களைக் கண்டறிந்தமைக்காக 2017-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அமெரிக்க அறிவியலார் மூவருக்கு வழங்கப்பட்டது. இக்கடிகாரம் நாள்தோறும் சற்றுப் பிசகக்கூடியது. அதைச் சரிசெய்வது காலை வெளிச்சம். மாலையில் ஒளி மங்கியதும் மூளையில் மெலடோனின் என்ற இயக்குநீர் சுரக்கத் தொடங்கி உடலை உறக்கத்திற்கு ஆயத்தப்படுத்துகிறது. இரவில் கண்ணருகே பிடிக்கப்படும் கைப்பேசியின் ஒளி அச்சுரப்பைத் தாமதப்படுத்துகிறது.

இந்தியாவின் தரைப்பரப்பு கிழக்கு மேற்காக ஏறத்தாழ 29 தீர்க்கரேகைப் பாகைகள் பரந்துள்ளது. அருணாசலப் பிரதேசத்தின் கீழ்க்கோடியில் கதிரவன் உதித்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழிந்த பின்னரே குஜராத்தின் மேற்குக் கோடியில் உதிக்கிறான். ஆயினும் நாடு முழுவதற்கும் 82½ பாகைத் தீர்க்கரேகையை ஒட்டிய ஒரே நேரம்தான். அசாமின் தேயிலைத் தோட்டங்கள் இந்தச் சிக்கலுக்குத் தமக்கென ஒரு தீர்வைக் கண்டன. ‘பாகான் நேரம்’ எனப்படும் தோட்ட நேரம் இந்திய நேரத்திற்கு ஒரு மணி முன்னதாக ஓடுகிறது. தொழிலாளர் விடியலோடு வேலை தொடங்கி, இருட்டுமுன் வீடு திரும்புகின்றனர்.

மேற்குப் பகுதிகளில் நிலைமை வேறு. அங்குக் கதிரவன் தாமதமாக மறைவதால் பிள்ளைகள் தாமதமாக உறங்கச் செல்கின்றனர். பள்ளி மணியோ எல்லா ஊர்களிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒலிக்கிறது. கதிரவன் மறைவு ஒரு மணி நேரம் தள்ளிப்போகும் இடங்களில் பிள்ளைகளின் உறக்கம் ஏறத்தாழ அரைமணி குறைவதாக இந்திய நேரப் பயன்பாட்டு விவரங்களைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வு ஒன்று கணித்துள்ளது. பள்ளி தொடங்கும் நேரத்தை வரையறுக்கும் அலுவலர்கள் இதைக் கருத்திற்கொள்ளுதல் தகும்.

தேர்வு நெருங்கும்போது மாணவர் விடுதிகளில் விளக்குகள் விடிய விடிய எரிவதைக் காணலாம். இதனை உழைப்பின் அடையாளமாகப் பெற்றோர் போற்றுகின்றனர். பகலில் படித்தவற்றை நிலையான நினைவாக மாற்றும் பணி பெரும்பகுதி உறக்கத்தின்போதே மூளையில் நடைபெறுகிறது. இரவு முழுதும் படிக்கும் மாணவர், விதைத்த வயலை விதைப்பு முடிந்த அன்றே மீண்டும் உழுபவரை ஒத்தவர். வயது வந்தோருக்கு நாள்தோறும் ஏழு மணி நேரத்திற்குக் குறையாத உறக்கமும், பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையிலானோருக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கமும் தேவை என்பது மருத்துவ வல்லுநரின் பொதுக் கருத்து.

விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்கிறது. அது சேரச்சேர உறக்கம் மிகுகிறது. தேநீரிலும் காப்பியிலும் உள்ள காஃபீன் அடினோசினை அழிப்பதில்லை. அது பொருந்தும் இடத்தில் தான் போய் அமர்ந்துகொண்டு, சோர்வு பற்றிய செய்தி மூளைக்குப் போய்ச் சேராமல் தடுக்கிறது. சோர்வு அங்கேயேதான் இருக்கிறது. பருகிய காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது. இரவு எட்டு மணிக்குப் பருகிய காப்பியின் பாதி வீரியம் நள்ளிரவு கடந்தும் குருதியில் சுற்றிக்கொண்டிருக்கும். ‘எனக்குக் காப்பி குடித்தாலும் தூக்கம் வரும்’ என்று பெருமையோடு கூறுவோர் உறங்குவது உண்மையே. அவ்வுறக்கத்தின் ஆழம் குறைந்திருப்பதை அவர்கள் அறிவதில்லை.

தேநீரும் இரும்பும்

தேநீரைப் பற்றிக் கூறவேண்டிய செய்தி இன்னொன்று உண்டு. இந்நாட்டில் அது காஃபீனைவிடவும் முதன்மையானது.

2019-21 காலத்தில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களுள் 57 சதவீதத்தினரும் ஆண்களுள் 25 சதவீதத்தினரும் இரத்தசோகை உடையோராகக் காணப்பட்டனர். இதற்கு முந்தைய ஆய்வில் பெண்களின் அளவு 53 சதவீதமாக இருந்தது. விரல் நுனியில் எடுக்கும் குருதித் துளியைக் கொண்டு அளப்பது இரத்தசோகையை மிகைப்படுத்திக் காட்டக்கூடும் என்று வல்லுநர் சிலர் கருதுகின்றனர். சிரையிலிருந்து எடுத்த குருதியைக் கொண்டு 2016-18 காலத்தில் நடந்த தேசிய ஆய்வில், பத்து முதல் பத்தொன்பது வயது வரையிலானோரில் 28 சதவீதத்தினரே இரத்தசோகை உடையோர் எனத் தெரியவந்தது. அளவு பற்றிய இவ்விவாதம் தொடரட்டும். குறைந்த கணக்கையே ஏற்றுக்கொண்டாலும், நான்கில் ஒருவருக்கு மேற்பட்டோர் பிராணவாயுவைத் திசுக்களுக்குக் கொண்டுசெல்லும் ஆற்றல் குன்றிய குருதியோடு பள்ளிக்கும் பணிக்கும் செல்கின்றனர் என்பது தெளிவு. மாடிப்படி ஏறுகையில் மூச்சு வாங்குதல், காரணமற்ற எரிச்சல், கவனச்சிதறல், மாலைக்குள் முற்றிலும் தளர்ந்துபோதல் ஆகியன இதன் அறிகுறிகள். இவ்வறிகுறிகள் உள்ள பெண்ணை மாமியார் சோம்பேறி என்பதும், மாணவியை ஆசிரியர் அக்கறையற்றவள் என்பதும் பல வீடுகளிலும் பள்ளிகளிலும் கேட்கும் பேச்சு.

இச்சோர்வு குணத்தின்பாற்பட்டதன்று என்பதற்கு நேரடிச் சான்று இலங்கையிலிருந்து கிடைத்தது. அங்குள்ள தேயிலைத் தோட்டப் பெண் தொழிலாளரிடையே செய்யப்பட்ட ஆய்வு ஒன்று 1979-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ ஏட்டில் வெளியாயிற்று. ஒரு சாராருக்கு இரும்புச்சத்து மாத்திரையும், மற்றவர்க்கு மருந்தற்ற போலி மாத்திரையும் கொடுக்கப்பட்டன. ஒரு மாதத்தில், குருதியில் ஈமோகுளோபின் உயர்ந்த பெண்கள் பறித்த கொழுந்தின் எடை கூடியது. மிகக் கடுமையான இரத்தசோகை உடையோரிடமே முன்னேற்றம் மிகுதியாக இருந்தது. வேலை நேரத்திற்கு வெளியிலும் அவர்கள் முன்னைவிடச் சுறுசுறுப்பாக நடமாடினர் என்பது அவ்வாய்வில் பதிவான மற்றொரு செய்தி. அவர்களுக்கு எவரும் ஊக்கவுரை ஆற்றவில்லை. இந்தோனேசியாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வடிக்கும் ஆண் தொழிலாளரிடையே செய்யப்பட்டு அதே ஆண்டில் வெளியான ஆய்வும் இம்முடிவையே கூறிற்று.

கொழுந்து பறித்தவரின் தெம்பைப் பற்றிப் பேசுகையில் அக்கொழுந்திலிருந்து வரும் பானத்தையும் பேசவேண்டியுள்ளது. அரிசி, கோதுமை, கேழ்வரகு, பருப்பு, கீரை ஆகியவற்றில் உள்ள இரும்புச்சத்தில் சிறு பங்கையே உடல் ஏற்கிறது. உணவோடு தேநீர் பருகினால் அதிலுள்ள டானின் முதலிய பொருள்கள் இரும்போடு பிணைந்து, அச்சிறு பங்கிலும் பாதிக்கு மேல் வீணாகிவிடச் செய்கின்றன. ரொட்டியும் தேநீரும் காலை உணவாக உள்ள வட இந்தியக் குடும்பங்களிலும், இட்லியை முடித்த கையோடு காப்பி பருகும் தென்னிந்தியக் குடும்பங்களிலும் இந்த இழப்பு நாள்தோறும் நிகழ்கிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட உணவு நெறிமுறைகள், உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தேநீரும் காப்பியும் தவிர்க்கப்பட வேண்டும் என அறிவுறுத்துகின்றன. இவ்விரு பானங்களையும் எவரும் அறவே கைவிட வேண்டியதில்லை. பருகும் நேரத்தை மாற்றினால் போதும். செலவேதுமின்றி இவ்வளவு பயன்தரும் மாற்றம் வேறொன்றைச் சுட்டுவது கடினம்.

டானின் பறித்துக்கொள்வதை உயிர்ச்சத்து ‘சி’ மீட்டுத் தருகிறது. உணவோடு ஓர் எலுமிச்சைத் துண்டின் சாறு, ஒரு நெல்லிக்காய், ஒரு கொய்யாப்பழம், இவற்றுள் ஏதேனும் ஒன்று சேர்ந்தால் இரும்பு ஏற்பு உயர்கிறது. பருப்பில் எலுமிச்சை பிழியும் வழக்கத்தை நாவின் சுவைக்காகத் தோன்றியதென்று கொண்டாலும், குருதிக்கும் அது நன்மையே செய்து வந்திருக்கிறது.

உணவு மாற்றம் தடுப்பதற்குத் துணைபுரியும். ஏற்கெனவே குன்றிய குருதியை உயர்த்த மாத்திரை தேவை. மத்திய அரசு 1970-ஆம் ஆண்டிலேயே ஊட்டக்குறைவால் வரும் இரத்தசோகையைத் தடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2018-இல் தொடங்கப்பட்ட ‘அனீமியா முக்த் பாரத்’ இயக்கத்தின்கீழ்ப் பள்ளி மாணவ மாணவியருக்கு வாரந்தோறும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரை வழங்கப்படுகிறது. மாத்திரை உண்டதும் வயிற்றுப் புரட்டல் ஏற்படுவதாலும், மலம் கறுப்பதைக் கண்டு அஞ்சுவதாலும் பிள்ளைகள் பலர் அதை வாங்கிக்கொண்டு எறிந்துவிடுகின்றனர். மலம் கறுப்பது இயல்பே என்பதையும், உணவுக்குப் பின் உட்கொண்டால் புரட்டல் குறையும் என்பதையும் மாத்திரையோடு சேர்த்துச் சொல்லும் ஆசிரியர் உள்ள பள்ளியில் அது வயிற்றைச் சென்றடைகிறது.

அமர்ந்திருப்போர் சோர்வு

உடலுழைப்பே இல்லாதவர் மாலையில் களைத்துப்போவது முரண்பாடாகத் தோன்றலாம். இலண்டன் நகரின் இரட்டைமாடிப் பேருந்துகளில் அமர்ந்தபடியே இருந்த ஓட்டுநர்களைவிட, நாள் முழுதும் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக வந்ததை ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953-ஆம் ஆண்டில் வெளியிட்ட பின்னரே, அமர்ந்திருத்தலின் தீமை அறிவியல் உலகின் கவனத்திற்கு வந்தது. தசைகள் அசையாதபோது குருதியிலுள்ள சர்க்கரையை அவை ஏற்பது குறைகிறது. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையோர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டுள்ளது. உணவுக்குப் பின் பத்து அல்லது பதினைந்து நிமிட நடை, சர்க்கரை ஏற்றத்தைத் தணிக்கிறது. வாரத்தில் 150 நிமிட மிதமான உடலியக்கம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாளொன்றுக்கு இருபது நிமிடத்திற்குச் சற்று மேல் என்று வகுத்துப் பார்த்தால் இலக்கு அச்சமூட்டுவதாக இல்லை. ஒரு நிறுத்தம் முன்னதாகப் பேருந்திலிருந்து இறங்குவோர் இதில் பாதியை நிறைவேற்றிவிடுகின்றனர். கோடையில் நீர் குறைந்தாலும் தலைவலியும் சோர்வும் வரும். பானையில் நீர் இருந்தும், எழுந்து செல்லச் சோம்பி நா வறள அமர்ந்திருப்போர் அலுவலகங்களில் பலர்.

மூச்சும் மனமும்

மன அமைதிக்கு மூச்சுப்பயிற்சி துணைபுரிவதாக இந்நாட்டு மரபு நெடுங்காலமாகக் கூறி வந்துள்ளது. இதனை அறிவியல் முறையில் ஆராயும் நோக்கத்தோடு சுவாமி குவலயானந்தர் 1924-ஆம் ஆண்டில் மகாராட்டிரத்தின் லோணாவாலாவில் கைவல்யதாம நிறுவனத்தைத் தோற்றுவித்தார். ஆழ்ந்து மூச்சிழுப்பதால் குருதியில் பிராணவாயு பெருகுகிறது, அதனால் தெம்பு வருகிறது என்று பலர் விளக்கம் கூறுவதுண்டு. அது பொருந்தாது. நலமுள்ள ஒருவரின் தமனிக் குருதி, இயல்பான மூச்சிலேயே ஏற்கத்தக்க பிராணவாயுவில் 95 சதவீதத்திற்கு மேல் ஏற்றிருக்கிறது. கூடுதலாக ஏற்க இடம் மிகச் சிறிது. பயன் வருவது வேறு வழியில். மூச்சை வெளிவிடுகையில் வேகஸ் எனப்படும் நரம்பின் செயல் மிகுந்து இதயத் துடிப்புத் தணிகிறது. நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறு மூச்சு என்ற அளவிற்குக் குறைக்கும்போது இதயமும் குருதி அழுத்தமும் ஒத்திசைந்து இயங்கி, பதற்றத்தோடு தொடர்புடைய நரம்பு மண்டலத்தின் பிடி தளர்கிறது.

இத்தாலிய ஆய்வாளர் சிலர் 2001-இல் வெளியிட்ட கட்டுரை இவ்வகையில் சுவையானது. கிறித்தவ செபமாலையை இலத்தீனில் சொன்னாலும் பௌத்த மந்திரம் ஒன்றை ஓதினாலும், சொல்வோரின் மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறாகவே குறைந்ததை அவர்கள் அளந்து கண்டனர். சமயங்கள் வேறாயினும் நுரையீரல் ஒன்றாகவே இருக்கிறது. எந்நம்பிக்கையும் இல்லாதவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மெல்ல மூச்சுவிட்டாலும் உடலில் இவ்விளைவு ஏற்படும். கோபமான மேலதிகாரியின் அறையிலிருந்து வெளிவந்தவர் மறுமொழிக் குறிப்பை எழுதுமுன் ஐந்து நிமிடம் இவ்வாறு அமர்ந்திருப்பின், பின்னர் திரும்பப்பெற இயலாத சொற்கள் பல கோப்பில் ஏறாமற்போகும்.

படுத்த பின்னும் மறுநாள் வேலைகள் நினைவில் சுழல்வதே பலருக்கு உறக்கம் வாராமைக்குக் காரணம். அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2018-இல் வெளியான சிறு ஆய்வு ஒன்றில், படுக்குமுன் ஐந்து நிமிடம் மறுநாள் செய்யவேண்டியவற்றை எழுதிவைத்தவர், முடித்த வேலைகளை எழுதியவரைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாக உறங்கிப்போயினர். எழுதப்பட்ட வேலையை மனம் காவல்காக்க வேண்டியதில்லை போலும்.

ஓய்வு யாருக்குக் கிட்டுகிறது

இதுவரை கூறிய பழக்கங்கள் அனைத்தும் ஒன்றை முற்கோளாகக் கொண்டவை. பழக்கத்தை மேற்கொள்பவரிடம் அதற்கான நேரம் இருக்க வேண்டும். 2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் அவற்றில் செலவிடுவதாகக் காட்டிற்று. 2024-ஆம் ஆண்டு ஆய்வில் இவ்வளவுகள் 289, 88 நிமிடங்கள் என அமைந்தன. ஐந்து ஆண்டுகளில் பெண்களின் சுமை பத்து நிமிடம் குறைந்தது; ஆண்களின் பங்கும் ஒன்பது நிமிடம் குறைந்தது. வீட்டு வேலையில் ஈடுபடவே செய்யாத ஆண்கள் இக்கணக்கில் சேரவில்லை. அலுவலகத்தில் கணவரை ஒத்த பணியாற்றி, மாலையில் அடுக்களைக்குத் திரும்பும் பெண்ணிடம் நடைப்பயிற்சியின் நன்மையை எடுத்துரைப்பது எளிது. அவருடைய நடைக்கு இருபது நிமிடத்தைப் பெற்றுத்தருவது அதே வீட்டிலுள்ள மற்றவர்களின் அன்றாடப் பழக்கத்தைப் பொறுத்தது. இரத்தசோகை பெண்களிடையே இரு மடங்குக்கு மேல் இருப்பதையும் வேலைச்சுமை மூன்று மடங்காக இருப்பதையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால், நாட்டின் சோர்வில் பெரும்பகுதி எங்குக் குவிந்துள்ளது என்பது புலனாகும்.

பழக்கம் போதாத இடம்

போதிய உறக்கம், உணவு, இயக்கம் ஆகியவை அமைந்த பின்னரும் சில சோர்வுகள் நீங்குவதில்லை. தைராய்டு சுரப்பிக் குறைவு, நீரிழிவு, காசநோய், உறக்கத்தில் மூச்சுத்தடை ஆகியவை முதலில் சோர்வாகவே தலைகாட்டக்கூடியவை. இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் சோர்வுக்கு மருத்துவரை அணுகிக் குருதிச் சோதனை செய்துகொள்ள வேண்டும். முன்பு விருப்பமானவற்றில் இப்போது நாட்டமின்மை, விடியுமுன் விழிப்பு, தன்னைத்தானே பழித்துக்கொள்ளல் ஆகியன சோர்வோடு சேர்ந்து வந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதனை மூச்சுப்பயிற்சியால் மட்டும் வென்றுவிடலாம் என்று நம்பிக் காலம் தாழ்த்துவது தீங்காகும். பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் 2015-16-இல் நடத்திய ஆய்வு, வயது வந்தோருள் 10.6 சதவீதத்தினர் ஏதேனுமொரு மனநலக் குறைபாடு உடையோர் எனவும், குறைபாட்டின் வகைக்கேற்ப அவர்களுள் 70 முதல் 92 சதவீதம் வரையிலானோர் சிகிச்சை பெறவில்லை எனவும் கண்டது.

இந்த இடைவெளியைக் குறைக்கும் முயற்சிகள் புதியன அல்ல. தேசிய மனநலத் திட்டம் 1982-இல் வகுக்கப்பட்டது. கருநாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் பெற்ற அனுபவத்தின் அடிப்படையில் மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் தொடங்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் ‘டெலி-மானஸ்’ என்ற தொலைபேசிச் சேவையை மத்திய அரசு தொடங்கியது. 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் மறுமொழி கிடைக்கிறது. அழைப்பவர் தேவைக்கேற்ப அங்கிருந்தே மனநல மருத்துவரிடமோ, அருகிலுள்ள மருத்துவமனைக்கோ அனுப்பப்படுகிறார். கல்லூரி விடுதிகளின் அறிவிப்புப் பலகைகளிலும் அலுவலகங்களின் உணவுக்கூடச் சுவர்களிலும் இவ்வெண் எழுதி வைக்கப்பட்டிருந்தால், அழைப்பதற்குத் தயங்குவோர் எவரையும் கேட்காமலே அதைக் குறித்துக்கொள்ள முடியும்.